இடது இருக்கையின் பின்கால்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரை மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் முறை அன்று. முதலில் சமையலறைக் குடங்கள், பிறகு குளியலறை டிரம், கடைசியில் செடிகளுக்கான வாளி என்று பிடித்துவைத்தேன். பால் காய்ச்சிக் காபி போட்டேன். சின்ன ஜெபம். வேலைக்குப் போகும் நாட்களில் அணியும் சாம்பல் நிறப் பேன்ட்டின் பைகளில் டார்ச், பூதக்கண்ணாடி, காந்தம், துடைக்கும் துணி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன். முந்தைய நாள் டைரிக் குறிப்பின் கடைசி வரியை மட்டும் வாசித்தேன். "நாளை இருக்கை" என்று இருந்தது.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காரை எடுத்து, நீலசந்திராவில் வெல்டரை ஏற்றிக்கொண்டேன். நாங்கள் இருவரும் ஒரே விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவர் வெல்டிங் பிரிவு, நான் பரிசோதனைப் பிரிவு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். வாய் ஓயாதவர். இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறார். நான் சிறு விமானங்களைப் பராமரிக்கும் பொறியாளர். ஒரு விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் உரிமம் என்னிடம் இருக்கிறது. தொழிற்சாலைக் காலத்தில் அவருடைய வேலைக்கு நான் கையெழுத்துப் போட மறுத்த சந்தர்ப்பங்களை அவர் இன்னும் மறக்கவில்லை.

"இன்னா மேடம், இன்னைக்காவது கையெழுத்து போடுவீங்களா, இல்ல பூதக்கண்ணாடி வச்சிக்கினு என் வெல்டுல பேன் பாப்பீங்களா?" என்றார், கதவைச் சாத்தியபடி.

"பேன் இருந்தா பாப்பேன்ணா."

"இருக்காது. மொட்டை அடிச்சுத்தான் குடுப்பேன்."

சந்தாபுரா சிக்னலில் நின்றபோது இட்லி வாங்கிக் காரிலேயே சாப்பிட்டோம். சட்னியை இருக்கையில் சிந்தாமல் சாப்பிடும்படி சொன்னேன். "உங்க கார் சீட்டுக்கும் சர்டிபிகேட் இருக்குதா?" என்று கேட்டார்.

ஆனேக்கலைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளம். அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே நிற்கும் விமானம் அறுபதுகளில் இந்த நாட்டிலேயே செய்யப்பட்டது. இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய சின்ன விமானம். இருவர் உட்காரலாம், ஆனால் வலது இருக்கை எப்போதோ கொட்டகை மாறியபோது தொலைந்துபோய், இடது இருக்கை மட்டும்தான் மிச்சம். உரிமையாளர் எண்பதை நெருங்கும் பெரியவர். மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்காக இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கண் பார்வை மங்கி, மருத்துவச் சான்று போய், அவர் பறப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் வாரம் தவறாமல் வந்து விமானத்தைத் துடைத்துவிட்டுப் போவார்.

ஓடுதளத்தின் நிலம் வீட்டு மனைகளுக்காக விற்கப்பட்டுவிட்டது. மாதக் கடைசிக்குள் கொட்டகை காலியாக வேண்டும். விமானத்தைக் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் மைசூர் பக்கம் சொந்தமாக ஓடுதளம் வைத்திருப்பவர். விமானம் அங்கே பறந்து வந்தால் வாங்கிக்கொள்வார். லாரியில் வருவதாக இருந்தால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இறக்கை பிரித்து வந்த இன்னொரு பழைய விமானம் அவரிடம் ஏற்கனவே பிரித்தபடியே கிடக்கிறது. இரண்டாமவர் வெளிவட்டச் சாலையில் மதுபான விடுதி நடத்துகிறவர். அவருக்கு அது பறக்கவேண்டிய அவசியமில்லை. கூரையிலிருந்து சங்கிலி போட்டுத் தொங்கவிடப் போகிறார்.

"குடிக்கறவா தலைக்கு மேல தொங்கறதுக்கா நான் இதை இத்தனை வருஷம் துடைச்சேன்?" என்று பெரியவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டிருந்தார்.

ஆகவே ஜனவரி முழுவதும் அந்த விமானத்தோடு இருந்தேன். என்ஜின் சரியாக ஓடியது. துணி உறுதியாக இருந்தது. கம்பிகள், கப்பிகள், சக்கரம், பிரேக் எல்லாம் பார்த்து முடித்தேன். கடைசியாக, கட்டுப்பாடுகள் முழுவதும் நகர்கின்றனவா என்று பார்க்க இடது இருக்கையில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தபோது கீழே சன்னமாக ஒரு சத்தம் வந்தது. தண்டவாளம் போன்ற பட்டையில் இருக்கை பொருந்தும் இடத்துக்குச் சற்று மேலே, இடது பின்காலில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

இருக்கைதானே என்று தோன்றலாம். விமானம் தரையை விட்டு மூக்கை உயர்த்தும் நொடியில் இருக்கை பின்னால் சரிந்தால், ஓட்டுபவரின் கையோடு கட்டுப்பாட்டுக் கோலும் பின்னால் வரும். மூக்கு இன்னும் மேலே போகும். வேகம் செத்துவிடும். அந்த உயரத்தில் அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் கிடையாது.

மைசூர்க்காரர் தன் பைலட்டோடு புதன்கிழமை காலை வருவதாக இருந்தது. இருக்கையைச் சரிசெய்து நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றே பறந்துபோய்விடும்.

நாங்கள் போனபோது பெரியவர் முன்பே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் டிபன் டப்பா.

"ஏம்மா, இன்னிக்கு முடிஞ்சுடுமோல்லியோ?"

"பாக்கலாம் சார்."

"பாக்கலாம்னா டாக்டர் சொல்ற மாதிரின்னா இருக்கு."

"டாக்டராவது பரவால்ல சார்," என்றார் வெல்டர். "மேடம் போஸ்ட்மார்ட்டம் டிபார்ட்மெண்ட்."

பெரியவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

இருக்கையின் துணியை நான் முந்தைய நாளே அவிழ்த்திருந்தேன். வெறும் சட்டமாக மேஜைமேல் கிடந்தது. செய்ய வேண்டியது கடினமான வேலை அல்ல. அந்த விமானத்தின் கையேட்டிலேயே அனுமதிக்கப்பட்ட முறைதான். விரிசல் உள்ள துண்டை அறுத்து எடுத்துவிட்டு, அதே தரத்தில் புதுக் குழாய்த் துண்டு வைத்து, உள்ளே இறுக்கமாக ஒரு சிறு குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் வெல்டு செய்ய வேண்டும். புதுக் குழாயைத் தேடி வாங்கி, வெட்டி, முனைகளை அரத்தால் ராவித் தயாராக வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடியும் என்று என் கணக்கு.

வெல்டர் மெல்லிய ரம்பத்தால் அறுத்தார். குழாய் அறுபட்டதும் அவர் கை நின்றது.

"மேடம், இங்க வாங்க. கொஞ்சம் டார்ச் அடிங்க."

அறுத்த வாயிலிருந்து செம்மண் குழம்பு போல ஏதோ வடிந்தது. துரு. அதற்குள் கரியும் சாம்பலும் கலந்து கெட்டியாகியிருந்தது. வெல்டர் ஒரு கம்பியால் கிளறினார். மெல்லிய மூங்கில் குச்சித் துண்டுகள் வெளியே வந்தன. ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு ஒரு பிடி. சிலவற்றின் நுனியில் இன்னும் ரோஸ் நிறம் இருந்தது.

அவர் ஒன்றை முகர்ந்து பார்த்தார். "ஊதுபத்தி," என்றார் மெதுவாக. பெரியவருக்குக் கேட்காதபடிதான் சொன்னார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஊரில் ஆயுத பூஜை அன்று கழுவப்படாத இயந்திரம் கிடையாது. இந்தக் கொட்டகையிலும் அப்படித்தான். பெரியவர் தன் கையாலேயே விமானத்தைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, காற்றாடிக்குச் சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். ஊதுபத்தி ஏற்றுவது மட்டும் வேறு யாரும் செய்யாத முறையில். இடது இருக்கையின் முதுகுச் சட்டத்தில், உச்சியில், குழாயின் வாய் திறந்திருந்தது. அதை அடைத்திருக்க வேண்டிய ரப்பர் மூடி எப்போதோ விழுந்துவிட்டது. ஒரு கட்டு ஊதுபத்தி அதில் அளவெடுத்தது போல நிற்கும். அவர் அங்கேதான் செருகுவார்.

இந்த விமானத்தைப் பராமரிக்க வந்த முதல் வருடப் பூஜையிலேயே நான் ஏன் என்று கேட்டிருக்கிறேன். "மத்த எடமெல்லாம் துணிம்மா. அதுமேல பூசியிருக்கற வார்னிஷ் சட்டுனு பத்திக்கும். இரும்புக் குழாய்தான் பத்திரம்," என்றார். நியாயமாகத்தான் இருந்தது. பூஜை முடிந்து எல்லோரும் கலையும்போது, ஒரு பொறிகூட மிச்சமிருக்கக் கூடாது என்று அந்தக் குழாய் வாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கொட்டகையைப் பூட்டுவார். நெருப்பு விஷயத்தில் அவ்வளவு கவனமான மனிதரை நான் பார்த்ததில்லை. நானும் பொரி கடலை தின்றபடி பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

அந்தத் தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. முதுகிலிருந்து வளைந்து கீழே காலாக இறங்குவது ஒரே குழாய். காலின் அடி மூடியது. ஒவ்வொரு வருடமும் ஒரு சொம்பு, சாம்பலோடும் கரியோடும் உள்ளே போய்த் தங்கி, வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளிருந்து இரும்பைத் தின்றிருக்கிறது.

"சார், அந்த டப்பாவுல என்ன இருக்குது?" என்று வெல்டர் குரலை உயர்த்திக் கேட்டார், பெரியவரின் கவனத்தைத் திருப்ப.

"புளியஞ்சாதம். உங்களுக்கும் சேத்துத்தான் கொண்டுவந்திருக்கேன். மொதல்ல வேலை."

துருவைச் சுரண்டி, கழுவி, காயவைத்தோம். கால் முழுவதையும் மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். வளைவு வரைக்கும் அறுத்தோம். வளைவிலிருந்து மேலே நல்ல உலோகம் இருந்தால் போதும். அறுத்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் சரியான தடிமன். மறுபக்கம் பிஸ்கட் டப்பாத் தகரம் போல இருந்தது.

வெல்டர் உள்குழாயைச் செருகி, முகமூடியை இறக்கி, வெல்டு பிடித்தார். முதல் முக்கால் சுற்று அழகாக வந்தது. அந்த மெல்லிய பக்கத்துக்கு வந்ததும் உலோகம் சுருங்கி விலகி, ஓட்டை விழுந்தது. சூட்டைக் குறைத்து மறுபடி முயன்றார். ஓட்டை பெரிதாயிற்று. முகமூடியைத் தூக்கியபோது அவர் முகத்தில் கேலி இல்லை.

"புடிக்கறதுக்கு அங்க இரும்பே இல்ல மேடம். பெயிண்ட்தான் நின்னுக்கினு இருக்குது."

கூரான பஞ்ச்சை எடுத்து, வளைவிலிருந்து மேலே விரலளவு விட்டு விட்டு, முதுகுச் சட்டம் நெடுகிலும் லேசாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல குழாய் பஞ்ச்சைத் திருப்பித் தள்ளும். சத்தம் கணீரென்று இருக்கும். அங்கே பஞ்ச் பதிந்தது. சாம்பல் ஒட்டி ஈரத்தைப் பிடித்துவைத்திருந்த இடமெல்லாம் பதிந்தது. உச்சியில், ஊதுபத்தி நின்ற வாய்க்குப் பக்கத்தில்தான் மறுபடியும் கணீரென்றது.

மதியம் புளியஞ்சாதம் சாப்பிட்டோம். நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தும் சொல்லவில்லை. பிறகு இன்னொரு முறை முயன்றோம். மெல்லிய பகுதி முழுவதையும் மூடும்படி, வெளியே கொஞ்சம் பெரிய குழாயைப் பிளந்து போர்த்தி வெல்டு செய்தோம். கையேட்டில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் போர்வையின் இரண்டு முனையும் நல்ல உலோகத்தில் நிற்க வேண்டும். கீழ்முனை நின்றது. மேல்முனை நிற்கிறதா என்பது சந்தேகம்தான். பார்வைக்கு அது நன்றாக வந்திருந்தது. தைத்தது போல வரிவரியாக வெல்டு. வெல்டர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்.

பெரியவர் எழுந்து வந்து, கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். "அம்சமா இருக்கே! ஆயிடுத்தாம்மா?"

நான் வெல்டரைப் பார்த்தேன். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டா நாளைக்கு வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. மைசூர் இன்னா, ஒரு மணி நேரம். ஒரே தடவ. அங்க போயி வேற சீட்டு செஞ்சிக்கட்டும். பாவம் அந்த மனுசன்."

"புறப்படறதும் ஒரே தடவைதான்ணா."

அவர் கையுறைகளைக் கழற்றினார். "நீங்க இப்டித்தான் சொல்வீங்கன்னு தெரியும். இருந்தாலும் கேக்காம இருந்தா ராத்திரி தூக்கம் வராது."

"நீங்க ஏறி உக்காந்து ஓட்டுவீங்களா?"

"நானா? எங்கப்பா தரைக்கு அடியில போயி சம்பாரிச்சாரு. நான் தரைமேல. அதுவே போதும்."

இருக்கையின் அடியை மேஜையோடு இறுக்கிக் கட்டினேன். முதுகுச் சட்டத்தில் கயிறு போட்டு, கயிற்றைக் கப்பி வழியாக இறக்கி, அதில் மணல் மூட்டைகளை ஒன்றொன்றாகத் தொங்கவிட வேண்டும். சரிசெய்த இருக்கை இவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. பெரியவர் பார்க்கட்டும் என்றேதான் அவர் எதிரிலேயே செய்தேன். வாயால் சொல்லியிருந்தால் அவர் கெஞ்சியிருப்பார். அவர் கெஞ்சினால் எனக்குத் தாங்காது.

முதல் மூட்டை நின்றது. இரண்டாவதும் நின்றது. பெரியவர் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது மூட்டையை வெல்டர் மெதுவாக விட்டார். உடைகிற சத்தம்கூட வரவில்லை. முதுகுச் சட்டம், தூக்கம் வந்தவன் தலை சாய்வது போல, பின்னால் மடிந்தது. போர்வைக்கு ஒரு சாண் மேலே, நாங்கள் தொடாத இடத்தில், குழாய் நசுங்கிக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலிலிருந்து செந்தூளும் இரண்டு குச்சித் துண்டுகளும் மேஜைமேல் விழுந்தன.

பெரியவர் ஒரு குச்சியை எடுத்தார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு மூக்குக்கு.

"கூரை ஒழுகுது சார்," என்றேன். "மழைத் தண்ணி உள்ள எறங்கியிருக்கு."

"மழையோட ஊதுபத்தியும் பெஞ்சுதாம்மா?"

மேஜைமேல் விழுந்த செந்தூளைக் கையால் ஒதுக்கினேன்.

"அணைஞ்சுதான்னு பாத்துட்டுப் போகணும்னுதான் ஊத்தினேன்."

"தெரியும் சார். மூடி விழுந்துபோச்சு. அது யார் தப்பும் இல்ல."

"மூடி தானா விழுந்துது. தண்ணி தானா விழல்லையே." குச்சியை மேஜைமேல் மற்ற துண்டுகளோடு சேர்த்து வைத்தார். "சட்டத்தைப் புதுசாவே பண்ணிட்டா?"

அதையும் சொன்னேன். பாதிக்கு மேல் மாற்றினால் அது பழுதுபார்த்தது ஆகாது, புது இருக்கை செய்தது ஆகும். அதற்கு வரைபடம் போட்டு, அனுப்பி, ஒப்புதல் வாங்கிச் செய்ய வேண்டும். எவ்வளவு விரட்டினாலும் மாதங்கள் ஆகும். கொட்டகைக்கு இந்த மாதம் மட்டும்தான் இருக்கிறது. வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கலாம் என்றால், அதற்கும் பறக்க வேண்டும், இல்லையென்றால் லாரியில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் மைசூர்க்காரர் வாங்கமாட்டார். எந்தப் பக்கம் போனாலும் வழி அந்த இருக்கையில் வந்து நின்றது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் ஒருகாலத்தில் பைலட். பாதி சொல்லும்போதே மீதி அவருக்குத் தெரிந்திருந்தது.

"லாரியில ஏத்தணும்னா எறக்கையைக் கழட்டணுமே."

"ஆமா சார்."

"அதை நீங்களே பண்ணுங்கோம்மா. அந்த பார்காரன் ஆளெல்லாம் ரம்பம் வச்சு அறுத்துடுவா."

"நானே பண்றேன் சார்."

காலி டிபன் டப்பாவை மூடி, கைக்குட்டையில் கட்டினார். வழக்கமாகப் போகும்போது விமானத்தின் மூக்கை ஒருமுறை துடைத்துவிட்டுப் போவார். அன்று துணியைக் கையில் எடுத்தார், மறுபடி ஆணியில் மாட்டிவிட்டார். டிரைவர் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

வெல்டிங் சாமான்களைக் கட்டினோம். மேஜையைத் துடைத்தேன். குச்சிகளை எங்கே போடுவது என்று தெரியவில்லை. பூஜைக்கு ஏற்றியது. குப்பையில் போட வெல்டருக்கு மனமில்லை. வேலி ஓரத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

திரும்பும்போது பொம்மசந்திரா வரைக்கும் அவர் மடியில் வைத்திருந்த முகமூடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "மேடம், மேல இருக்கற குழாய்தான் போச்சு. என் வெல்டு நின்னுச்சு. அதையும் எழுதிக்குங்க."

"எழுதறேன்ணா."

நீலசந்திராவில் இறங்கும்போது கார் இருக்கையைக் குனிந்து பார்த்து, "சட்னி இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து, பேன்ட் பைகளைக் காலிசெய்து, டார்ச்சை மின்னேற்றினேன். கையில் துரு வாசனையோடு ஊதுபத்தி வாசனையும் இருந்தது. இருமுறை சோப்பு போட்டும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் டைரி எழுதினேன். "வெல்டு நின்றது. குழாய் நிற்கவில்லை. கையெழுத்து இல்லை." அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. மைசூர்க்காரருக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். தொலைபேசியை எடுத்து, வைத்துவிட்டேன். ஒரு இரவுக்குள் ஏதாவது வழி தோன்றும் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

புதன்கிழமை தண்ணீர் வராத நாள். எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், மைசூர்க்காரரை அழைத்தேன். அவர் கிளம்பிக்கொண்டிருந்தார், பின்னால் கார் என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. வர வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

"சீட்டு மட்டும்தானே மேடம்?" என்றார்.

"ஆமா சார். சீட்டு மட்டும்தான்."

அவர் என்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.